கேப்டன், கன்னி, 1/5: அமெரிக்க மரைன் படையைத் தமிழில் எப்படிப் புரிந்துகொள்வது?

#1 ஏட்டுச்சுரைக்காய்

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட ஓர் அமெரிக்க மரைன் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்டு எழுதவில்லை, சொந்த ஆசைதான். முப்பது பக்கம் தாண்டியதும் கண்ணைக் கட்டிவிட்டது. மொழிநடை எளிது. படையின் அமைப்புதான் பிடிபட மாட்டேன் என்கிறது.

இவர்கள் கடற்படையா, தரைப்படையா? கப்பலில் போகிறார்கள். இறங்கியதும் காலாட்படையாகிவிடுகிறார்கள். மேலே பறக்கும் விமானத்தையும் "நம்ம ஆளுங்க" என்கிறார்கள். பதவிப் பெயர்கள் அதைவிடக் குழப்பம். ஓர் இடத்தில் "கேப்டன்" கப்பலில் இருக்கிறார், அடுத்த பத்தியில் "கேப்டன்" சேற்றில் படுத்திருக்கிறார். இருவரும் ஒரே ஆளா என்றே தெரியவில்லை. அப்புறம் அடிக்கடி "1/5" என்று வருகிறது. மரைன்களில் ஐந்தில் ஒரு பங்கு என்று மொழிபெயர்த்துவிட்டேன், பிறகு எந்தக் கணக்கும் உதைக்கிறது. தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

#2 கலங்கரை

ஐந்தில் ஒரு பங்கா! சிரித்ததற்கு மன்னியுங்கள் சுரைக்காய்.

1/5 என்பது பின்னம் அல்ல, முகவரி. 5ஆவது மரைன் ரெஜிமென்ட்டின் 1ஆவது பட்டாலியன். கம்பெனிகள் சேர்ந்தால் பட்டாலியன், பட்டாலியன்கள் சேர்ந்தால் ரெஜிமென்ட், ரெஜிமென்ட்கள் சேர்ந்தால் டிவிஷன். இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. "ஐந்தாவது மரைன்கள்" என்று மொட்டையாக வந்தால் அது ரெஜிமென்ட்டைக் குறிக்கும். டிவிஷனைச் சொல்லும்போது மட்டும்தான் "டிவிஷன்" என்ற சொல்லையும் சேர்ப்பார்கள். ஆக "முதலாவது மரைன்கள்" வேறு, "முதலாவது மரைன் டிவிஷன்" வேறு. 1941 பிப்ரவரியில் உருவான அந்த டிவிஷனுக்குள் 1, 5, 7ஆவது ரெஜிமென்ட்கள் காலாட்படை, 11ஆவது பீரங்கிப்படை. எண்கள் வரிசையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் ஆள் எந்தத் தீவுகளைப் பற்றி எழுதுகிறார்?

#3 ஏட்டுச்சுரைக்காய்

குவாடல்கனாலில் இருந்தவர்கள் சொன்ன கதைகளில் தொடங்குகிறது. இவர் நேரடியாகப் போனது பெலிலியூ, பிறகு ஒகினாவா. அப்படியானால் என் நாற்பது பக்கத்தில் பதினோரு இடத்தில் "ஐந்தில் ஒரு பங்கு" இருக்கிறது. திருத்துகிறேன். 🙏

#4 குறுக்குசால்

இழைக்குள் ஒரு குறுக்குசால் ஓட்டிக்கொள்கிறேன். பெயரெல்லாம் இருக்கட்டும், அடிப்படைக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். அமெரிக்காவிடம் பெரிய தரைப்படை இருக்கிறது, பெரிய கடற்படை இருக்கிறது, தனி விமானப்படையும் இருக்கிறது. இந்த மூன்றையும் சிறிய அளவில் இன்னொரு முறை செய்துவைத்ததுபோல ஒரு நான்காவது படை எதற்கு? "கடலிலிருந்து கரையேறுவதற்கு" என்று சொல்லிவிடாதீர்கள். பிரான்ஸின் நார்மண்டியில் கரையேறியது அமெரிக்கத் தரைப்படை. பசிபிக்கிலும் தரைப்படை டிவிஷன்கள் எத்தனையோ தீவுகளில் இறங்கியிருக்கின்றன.

#5 கலங்கரை

நியாயமான கேள்வி. அமெரிக்காவிலேயே இதை ஒரு குடியரசுத் தலைவர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

தொடக்கத்தில் இவர்கள் கப்பல் காவலர்கள்தான். 1775 நவம்பர் 10 அன்று அன்றைய காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், இரண்டு பட்டாலியன் மரைன்களைத் திரட்டத் தீர்மானம் போட்டது. இன்றுவரை பிறந்தநாள் கொண்டாடுவது அந்தத் தேதியில். சுதந்திரப் போர் முடிந்ததும் கலைத்துவிட்டு, 1798 ஜூலையில் மறுபடி உருவாக்கினார்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் வேலை என்னவென்றால், பாய்மரத்தின் மேலே ஏறி எதிரி அதிகாரிகளைச் சுடுவது, எதிரிக் கப்பலுக்குள் தாவுவது, சொந்த மாலுமிகள் கலகம் செய்யாமல் பார்த்துக்கொள்வது. நீராவிக் கப்பலும் நெடுந்தூரப் பீரங்கியும் வந்த பிறகு இந்த வேலைகள் எல்லாம் போய்விட்டன. குறுக்குசால் கேட்பதுபோல "இனி எதற்கு?" என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது.

பதில் பசிபிக்கில் கிடைத்தது. நிலக்கரியோ எண்ணெயோ நிரப்பாமல் கடற்படை அந்தப் பெருங்கடலைக் கடக்க முடியாது. வழியில் தீவுகள் வேண்டும். அவற்றைப் பிடிக்கவும், பிடித்ததைக் காக்கவும் கடற்படையின் கைக்குள்ளேயே ஒரு காலாட்படை வேண்டும். 1921இல் எர்ல் எல்லிஸ் என்ற மரைன் அதிகாரி, ஜப்பானுடன் போர் வந்தால் மைக்ரோனேசியத் தீவுகளை எப்படி ஒவ்வொன்றாகப் பிடிப்பது என்று ஒரு திட்டம் எழுதினார். போர் வந்தது அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின். அவர் அதைப் பார்க்கவில்லை, 1923இல் ஜப்பானியர் கையில் இருந்த பலாவ் தீவுகளில் இறந்துபோனார். சுரைக்காய், உங்கள் பெலிலியூ அதே பலாவ் கூட்டத்தில்தான் இருக்கிறது.

துருக்கியின் கலிப்போலியில் 1915இல் பிரிட்டிஷார் பட்ட அடியைப் பார்த்த உலகம், நவீன ஆயுதங்களுக்கு எதிரே கரையேறுவது நடக்காத காரியம் என்று ஒதுக்கியது. வர்ஜீனியாவின் குவாண்டிகோவில் இருந்த மரைன் பள்ளி அதே தோல்வியை எடுத்துவைத்துக்கொண்டு எங்கெங்கே பிசகியது என்று பிரித்துப் பார்த்தது. எந்தப் பெட்டி கப்பலில் முதலில் ஏற வேண்டும், எது கடைசியில் ஏற வேண்டும் என்பது வரை. முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏற வேண்டும், இல்லையா? கேட்கச் சின்ன விஷயம், அதைக் கோட்டைவிட்டால் கரையில் குண்டு இல்லாமல் நிற்க வேண்டியதுதான். 1934இல் கரையிறக்கத்துக்கான கையேடு தயார். நார்மண்டியில் இறங்கிய தரைப்படையும் இந்தப் பாடங்களிலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

ஆனால் குறுக்குசால் சொல்வது சரி. கரையேறுவது இவர்களின் தனிச்சொத்து இல்லை. தனிச்சொத்து எது என்றால், எப்போதும் கப்பலிலேயே ஒரு பகுதி சுற்றிக்கொண்டிருப்பதும், கப்பலுக்குள் அடங்கும் அளவில் தங்களை வைத்துக்கொள்வதும். நம் ஊரில் நெல்லை மரக்காலால் அளப்பார்கள். இவர்களுக்கு மரக்கலமே மரக்கால்.

#6 நெய்தல்_நிலா

"மரக்கலமே மரக்கால்" 👌

விமானம் எதற்கு என்பதையும் சொல்லுங்கள் அக்கா. கடற்படையிடம் விமானம் இருக்கிறதே.

#7 கலங்கரை

நிலா, அது ஒரு பழைய காயம்.

1942 ஆகஸ்ட் 7 அன்று முதலாவது மரைன் டிவிஷன் குவாடல்கனாலில் இறங்கியது. இரண்டாம் நாளே விமானந்தாங்கிகள் பின்வாங்கின. 8ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டி சாவோ தீவுக்கு அருகில் ஜப்பானியர் நான்கு நேச நாட்டுக் குரூசர் கப்பல்களை மூழ்கடித்தார்கள். 9ஆம் தேதி சரக்குக் கப்பல்களும் கிளம்பிவிட்டன, பாதிச் சரக்கை இறக்காமலே. கரையில் நின்றவர்கள் கடலைத் திரும்பிப் பார்த்தால் வெறும் தண்ணீர். கடற்படைத் தளபதிகளுக்குத் தங்கள் நியாயம் இருந்தது, விமானந்தாங்கிகள் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. ஆனால் நடுக்காட்டில் இறக்கிவிடப்பட்டவனிடம் அந்த நியாயம் எடுபடுமா?

ஜப்பானியர் கட்டிக்கொண்டிருந்த விமான ஓடுதளத்தை மரைன்கள் முடித்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று அதில் வந்து இறங்கியவை மரைன் படையின் சொந்த விமானங்கள். அன்றிலிருந்து இவர்களுடைய வாதம் ஒன்றே ஒன்று: கரையில் இருப்பவனுக்கு மேலே பறப்பவன் அதே தளபதியின் கீழ் இருக்க வேண்டும். இன்றைக்கு மரைன் விமானி ஆகப்போகிறவரும் முதலில் குவாண்டிகோவில் ஆறு மாதம் காலாட்படை பிளட்டூனை, அதாவது கம்பெனிக்குள் இருக்கும் சிறு அணியை, நடத்தப் பயிற்சி எடுத்தாக வேண்டும். "ஒவ்வொரு மரைனும் முதலில் துப்பாக்கி வீரன்" என்று சொல்லிக்கொள்வது இதை வைத்துத்தான்.

#8 ஓய்வுபெற்ற_ஹவில்தார்

படித்துக்கொண்டு வருகிறேன். நான் தரைப்படையில் இருந்தவன், கப்பல் அனுபவம் கிடையாது. ஆனால் பதவிகளைப் பற்றி இந்த இழையில் யாரும் இன்னும் சரியாகப் பேசவில்லை. தம்பி சுரைக்காயின் கேப்டன் குழப்பத்தை நான் தீர்த்துவைக்கிறேன்.

கடற்படைக் கேப்டனும் மரைன் கேப்டனும் பெயரில்தான் ஒன்று. அமெரிக்காவில் அதிகாரிகளுக்கு சம்பளப் படிநிலை ஓ-1 முதல் ஓ-10 வரை. மரைன் கேப்டன் ஓ-3. ஒரு கம்பெனியை, அதாவது நூற்றைம்பது, நூற்றெண்பது பேரை நடத்துபவர். கடற்படைக் கேப்டன் ஓ-6. மரைன் கர்னலுக்குச் சமம், பெரிய கப்பலை நடத்துபவர். சேற்றில் படுத்திருப்பவர் முதல் ஆள், கப்பலின் கட்டளை மேடையில் நின்று காபி குடிப்பவர் இரண்டாம் ஆள்.

இன்னொன்று. இவர்களை "சிப்பாய்" என்று எழுதாதீர்கள். அது தரைப்படைக்காரனுக்கான சொல் என்று கோபித்துக்கொள்வார்கள். மரைன் என்றால் மரைன்தான்.

#9 ஏட்டுச்சுரைக்காய்

ஐயா, மிக்க நன்றி. முதல் அத்தியாயத்தில் அறுபது "சிப்பாய்" இருக்கிறார்கள். 😅

கீழ்மட்டப் பதவிகளையும் சொல்ல முடியுமா? குறிப்பாக "கன்னி" என்று ஒருவர் வருகிறார். எல்லோரும் நடுங்குகிறார்கள். தமிழில் எழுதிப் பார்த்தேன். "கன்னி கத்தியதும் அனைவரும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தோம்." எனக்கே சகிக்கவில்லை.

#10 ஓய்வுபெற்ற_ஹவில்தார்

ஹா ஹா. வீட்டில் வாசித்துக் காட்டினேன், இன்னும் சிரிப்பு நிற்கவில்லை.

கன்னரி சார்ஜென்ட் என்பதன் சுருக்கம் அது. ஒரு கம்பெனியில் தோட்டா, தண்ணீர், சாப்பாடு எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேருவது இவர் தலையில். பெயரில் பீரங்கி இருந்தாலும் பீரங்கிக்கும் இவருக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. முழுப்பெயரையே எழுதிவிடுங்கள் தம்பி.

இன்றைய வரிசை இப்படி. பிரைவேட், பிரைவேட் ஃபர்ஸ்ட் கிளாஸ், லான்ஸ் கார்ப்பரல். இந்த மூவரும் உத்தரவு வாங்குபவர்கள். கார்ப்பரல், சார்ஜென்ட் ஆகும்போது கையில் ஆட்கள் வந்துவிடுவார்கள். நீலச் சீருடைக் கால்சட்டையில் சிவப்புப் பட்டை போடும் உரிமையும் கார்ப்பரலில்தான் தொடங்குகிறது. 1847இல் மெக்சிகோவின் சபுல்டெபெக் கோட்டைச் சண்டையில் சிந்திய ரத்தத்தின் நினைவு என்று ஒவ்வொரு புதியவனுக்கும் சொல்லித்தருகிறார்கள். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தச் சண்டைக்கு முன்பே பட்டை இருந்திருக்கிறது. விடுங்கள், எந்தப் படையில் இப்படி ஒரு கதை இல்லை?

அதற்கு மேலே ஸ்டாஃப் சார்ஜென்ட், கன்னரி சார்ஜென்ட். எட்டாம் படியில் பாதை இரண்டாகப் பிரியும். இதைக் கவனியுங்கள், பலர் தவறவிடுவது இங்கேதான். ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பக்கம் போனால் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட், பிறகு சார்ஜென்ட் மேஜர். தொழில்நுட்பப் பக்கம் போனால் மாஸ்டர் சார்ஜென்ட், பிறகு மாஸ்டர் கன்னரி சார்ஜென்ட். சம்பளம் ஒன்று, வேலை வேறு. கைப்பட்டையின் நடுவில் இருக்கும் சின்னத்தைப் பார்த்தால் தெரியும். ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்டுக்கு வைரக்கட்டம், சார்ஜென்ட் மேஜருக்கு நட்சத்திரம், மாஸ்டர் சார்ஜென்ட்டுக்குக் குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கிகள், மாஸ்டர் கன்னரிக்கு வெடிக்கும் குண்டு. படை முழுவதற்கும் ஒரே ஒரு தலைமைச் சார்ஜென்ட் மேஜர் உண்டு, 1957இல் ஏற்படுத்திய பதவி. அவர் தளபதியின் பக்கத்திலேயே இருப்பார்.

கூப்பிடும் முறையிலும் ஒரு கண்டிப்பு. அமெரிக்கத் தரைப்படையில் ஸ்டாஃப் சார்ஜென்ட்டையும் "சார்ஜென்ட்" என்றே கூப்பிடலாம். மரைனில் முழுப் பதவிப் பெயரையும் சொல்ல வேண்டும். உரையாடலைத் தமிழாக்கும்போது சுருக்கிவிடாதீர்கள், சுருக்கினால் அந்த ஆள் திட்டு வாங்க வேண்டியவன்.

#11 கலங்கரை

ஹவில்தார் ஐயா சொன்னதில் ஒரே ஒரு எச்சரிக்கை, சுரைக்காய்க்காக. அது இன்றைய வரிசை. உங்கள் ஆள் 1944இல் இருக்கிறார். அவருடைய நூலில் லான்ஸ் கார்ப்பரல் வரமாட்டார். அந்தப் பதவியைத் திரும்பக் கொண்டுவந்தது 1958இன் மாற்றத்தில். எட்டு, ஒன்பது என்ற படிகளும் அப்போது வந்தவைதான். அதற்கு முன் பிரைவேட் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆன கையோடு அடுத்தது கார்ப்பரல். "பிளட்டூன் சார்ஜென்ட்" என்று ஒரு பதவியே இருந்தது, இப்போது அது ஒருவர் பார்க்கும் வேலையின் பெயர் மட்டும்.

#12 ஓய்வுபெற்ற_ஹவில்தார்

சரிதான் அம்மா. காலத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

#13 நெய்தல்_நிலா

அதிகாரிகளின் சின்னத்தில் எனக்கு ஒரு சந்தேகம். செகண்ட் லெப்டினன்ட்டுக்குத் தங்கப் பட்டை, அவருக்கு மேலே இருக்கும் ஃபர்ஸ்ட் லெப்டினன்ட்டுக்கு வெள்ளிப் பட்டை. மேஜருக்குத் தங்க இலை, லெப்டினன்ட் கர்னலுக்கு வெள்ளி இலை. வெள்ளி எப்படித் தங்கத்தைவிட உசத்தி?

#14 கலங்கரை

உசத்தி என்று யாரும் திட்டமிடவில்லை. செகண்ட் லெப்டினன்ட்டுக்கு நீண்ட காலம் சின்னமே கிடையாது. 1917இல்தான் கொடுத்தார்கள். அப்போது வெள்ளிப் பட்டை ஏற்கெனவே மேலே இருப்பவர்களிடம் இருந்தது. எல்லோரும் மாற்றிக்கொள்வதைவிடக் கடைசியில் வந்தவருக்குத் தங்கத்தைக் கொடுப்பது சுலபமாக இருந்தது. பந்திக்குக் கடைசியில் வந்தவருக்கு வெள்ளித்தட்டு தீர்ந்து தங்கத்தட்டு கிடைத்த கதை.

#15 குறுக்குசால்

பட்டை, இலை எல்லாம் சரி. என் கேள்விக்குப் பாதிப் பதில்தான் வந்திருக்கிறது. கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட குடியரசுத் தலைவர் யார்? அப்புறம் இவர்கள் கடற்படையின் கீழா இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

#16 கலங்கரை

ட்ரூமன். முதல் உலகப்போரில் தரைப்படைப் பீரங்கி அதிகாரியாக இருந்தவர். 1950 ஆகஸ்ட் கடைசியில் ஒரு காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தில், மரைன்கள் கடற்படையின் போலீஸ்தான் என்றும், இவர்களுடைய பிரசார இயந்திரம் ஸ்டாலினுடையதற்கு ஏறக்குறைய ஈடானது என்றும் எழுதிவிட்டார். செப்டம்பர் தொடக்கத்தில் கடிதம் வெளியே வந்து நாடே கொதித்தது, மன்னிப்புக் கேட்டார். நேரத்தைப் பாருங்கள், செப்டம்பர் 15 அன்று முதலாவது மரைன் டிவிஷன் கொரியாவின் இஞ்சோனில் இறங்குகிறது. அலையேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் முப்பதடி வித்தியாசம் உள்ள துறைமுகம், மணல் கரைகூட இல்லை, கடற்சுவரில் ஏணி வைத்து ஏறினார்கள். கொரியப் போரின் போக்கே அன்று திரும்பியது. அதற்குப் பிறகு மரைனைக் கலைப்போம் என்று பேச எந்த அரசியல்வாதிக்கும் வாய் வரவில்லை.

1952இல் காங்கிரஸ் சட்டமே போட்டுவிட்டது: மூன்று டிவிஷனும் மூன்று விமானப் பிரிவும் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு படையின் அமைப்பைச் சட்டத்தில் இப்படி எண்ணிக்கையோடு எழுதிவைப்பது அரிது. பயந்தவர்கள் எழுதிவாங்கிக்கொண்ட பத்திரம் அது.

இரண்டாவது கேள்விக்கு: கடற்படைத் துறையின் கீழ், ஆனால் கடற்படையின் கீழ் அல்ல. ஒரே கூரை, இரண்டு குடித்தனம். கடற்படைச் செயலர் என்ற சிவிலியன் மேலே. அவருக்குக் கீழே கடற்படைத் தலைவரும் மரைன் படைத் தலைவரான கமாண்டன்ட்டும் சமமாக, இருவரும் நான்கு நட்சத்திர அதிகாரிகள். முப்படைத் தலைவர்கள் குழுவில் கமாண்டன்ட் முழு உறுப்பினர் ஆனது 1978இல்தான்.

ஒரே கூரை என்பதற்கு அடையாளம் வேண்டுமா? மரைன் படையிடம் மருத்துவரே கிடையாது. பாதிரியாரும் கிடையாது. இரண்டையும் கடற்படைதான் அனுப்புகிறது.

#17 ஏட்டுச்சுரைக்காய்

ஓ! அதனால்தான் பிளட்டூனில் எல்லோரும் "டாக்" என்று கூப்பிடும் பையன் "நான் மரைன் இல்லை" என்கிறானா? அவன் ஏதோ தத்துவம் பேசுகிறான் என்று நினைத்துவிட்டேன்.

#18 ஓய்வுபெற்ற_ஹவில்தார்

அவன் கடற்படைக்காரன் தம்பி. மருத்துவரும் இல்லை, முதலுதவி செய்யும் மருத்துவ உதவியாளன். "கோர்மன்" என்பார்கள். அந்த "கோர்" என்ற சொல்லை ஆங்கில எழுத்தைப் பார்த்து "கார்ப்ஸ்" என்று படித்தால் பிணம் என்று பொருளாகிவிடும், ஜாக்கிரதை. குண்டு மழைக்கு நடுவே ஓடுவது அவன் வேலை. மரைன்கள் அவனைத் தங்களில் ஒருவனாகவே வைத்துக்கொள்வார்கள்.

#19 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. ட்ரூமனைப் பற்றி நீக்கப்பட்ட இரண்டு பதிவுகளுக்குக் காரணம் கேட்டுத் தனிமடல் அனுப்ப வேண்டாம். காரணம் உங்களுக்கே தெரியும்.

#20 நெய்தல்_நிலா

இன்றைய அமைப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள் அக்கா. பட்டாலியன், ரெஜிமென்ட், டிவிஷன் என்றால் தரைப்படை மாதிரியேதானே இருக்கிறது?

#21 கலங்கரை

காகிதத்தில் அப்படித்தான். கீழிருந்து பார்த்தால் எல்லாம் மும்மூன்றாக ஏறும். நால்வர் சேர்ந்தது ஒரு சுடுகுழு. மூன்று குழுவும் ஒரு தலைவரும் சேர்ந்தால் பதின்மூன்று பேர் கொண்ட ஸ்குவாட். மூன்று ஸ்குவாட் ஒரு பிளட்டூன். மூன்று பிளட்டூனோடு கனரக ஆயுதப் பிளட்டூன் ஒன்று சேர்ந்தால் கம்பெனி. பதின்மூவர் ஸ்குவாட் 1944இல் வந்தது, ஆகவே சுரைக்காயின் பெலிலியூவிலும் இதே கணக்குத்தான். ஏன் மூன்று? குண்டு பறக்கும்போது ஒருவனால் மூன்று பேருக்கு மேல் கண்வைத்து உத்தரவு போட முடியாது என்பது அனுபவம்.

ஆனால் டிவிஷன், ரெஜிமென்ட் எல்லாம் பீரோ. சண்டைக்குக் கட்டும் மூட்டை வேறு. 1963இல் முறைப்படுத்திய வழக்கம் இது. எந்த வேலைக்குப் போனாலும் நான்கு பங்கு சேர்த்துக் கட்டுவார்கள்: ஒரு தலைமையகம், ஒரு தரைப்பங்கு, ஒரு விமானப்பங்கு, ஒரு சரக்குப்பங்கு. நால்வருக்கும் ஒரே தளபதி. மூட்டை சிறியதானாலும் பெரியதானாலும் நான்கில் எதுவும் விடுபடாது.

அன்றாடம் கடலில் சுற்றுவது இதில் சின்ன மூட்டை. ஆங்கிலச் சுருக்கத்தை "மியூ" என்று உச்சரிக்கிறார்கள், பூனை மாதிரி. ஏறத்தாழ 2,200 பேர். ஒரு கர்னல் தலைமை. ஒரு காலாட்படைப் பட்டாலியனோடு பீரங்கி, கவச வண்டி எல்லாம் ஒட்டவைத்திருப்பார்கள். விமானப்பங்கில் சாய்சுழலி ஆஸ்ப்ரே, ஹெலிகாப்டர், செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி போர்விமானம். பதினைந்து நாளுக்கான சாப்பாடும் தோட்டாவும் கையில். இவ்வளவும் வழக்கமாக மூன்று கப்பலில். பெரிய கப்பல் பார்வைக்கு விமானந்தாங்கி போலவே இருக்கும், ஏறக்குறைய 40,000 டன். பெரும்பாலானவற்றின் பின்புறக் கதவைத் திறந்து வயிற்றுக்குள் தண்ணீர் விட்டால் படகுகள் உள்ளிருந்தே மிதந்து வெளியே போகும். முதல் தடவை காணொளியில் பார்த்தபோது கப்பல் மூழ்குகிறது என்றே நினைத்தேன்.

இப்படி ஏழு இருக்கின்றன. மூன்று கலிபோர்னியாவில், மூன்று வட கரோலினாவில், ஒன்று ஜப்பானின் ஒகினாவாவில். ஒகினாவாவில் இருக்கும் 31ஆவது ஒன்றுதான் நிரந்தரமாக வெளிநாட்டில் இருப்பது.

பெரிய போர் என்றால் மூட்டையும் பெரிதாகும். நடுத்தரப் பிரிகேட் முப்பது நாள் தாங்கும். உச்சத்தில் லெப்டினன்ட் ஜெனரல் தலைமையில் ஒரு டிவிஷன், ஒரு விமானப்பிரிவு, ஒரு சரக்குப் பிரிவு சேர்ந்த பெரும்படை, அறுபது நாள். அப்படி மூன்று: கலிபோர்னியாவின் பெண்டில்டன் முகாமில் ஒன்று, வட கரோலினாவின் லெஜூன் முகாமில் ஒன்று, ஒகினாவாவில் ஒன்று. 1952 சட்டத்தின் மூன்றும் மூன்றும் இங்கே பொருந்துகிறதா?

#22 குறுக்குசால்

பொருந்துகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொத்தம் சுமார் 1,70,000 பேர் இருக்கும் படையில் 2,200 பேர் மூட்டைகள் ஏழு. மீதிப் பேர் என்ன செய்கிறார்கள்?

#23 ஓய்வுபெற்ற_ஹவில்தார்

ஒருவன் கடலில் இருந்தால் ஒருவன் பயிற்சியில், ஒருவன் திரும்பி வந்து ஓய்வில். எந்தப் படையிலும் அதுதான் கணக்கு. ஏழும் ஒரே நேரத்தில் கடலில் இருக்காது.

அதோடு சட்டத்தில் கடைசியாக ஒரு வரி உண்டு, குடியரசுத் தலைவர் சொல்லும் பிற பணிகள் என்று. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது பாருங்கள். உலகெங்கும் அமெரிக்கத் தூதரகங்களுக்குள் நிற்கும் காவலர்கள் மரைன்கள், 1948இல் வந்த ஏற்பாடு. குடியரசுத் தலைவர் ஏறும் ஹெலிகாப்டரை ஓட்டுவது மரைன் பிரிவு. வெள்ளை மாளிகையில் வாசிப்பது 1798இல் தொடங்கிய மரைன் இசைக்குழு.

#24 நெய்தல்_நிலா

டாங்கிகளையெல்லாம் கொடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?

#25 கலங்கரை

உண்மை. 2020 மார்ச்சில் அப்போதைய கமாண்டன்ட் டேவிட் பெர்கர் அறிவித்தார், அடுத்த ஆண்டுக்குள் டாங்கிப் பட்டாலியன்கள் கலைந்தன. இழுத்துச் செல்லும் பீரங்கிகளையும் வெகுவாகக் குறைத்து, பதிலுக்கு ஏவுகணை வாங்கினார்கள். நோக்கம் மேற்குப் பசிபிக். சிறு சிறு குழுவாகத் தீவுகளில் இறங்கி, ஒளிந்துகொண்டு, அங்கிருந்து எதிரிக் கப்பலைச் சுடுவது. இதற்காகவே கரையோர ரெஜிமென்ட் என்று புதிய வகை: 2022இல் ஹவாயில் 3ஆவது, 2023இல் ஒகினாவாவில் 12ஆவது. கப்பல் தாக்கும் ஏவுகணையை ஓட்டுநர் இல்லாத வண்டிமேல் வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஜெனரல்கள் பலர் பத்திரிகைகளில் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். டாங்கி இல்லாமல் நகரச் சண்டையில் என்ன செய்வீர்கள் என்பது அவர்கள் கேள்வி. இராக்கின் ஃபலூஜா நகரச் சண்டையைப் பார்த்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், இது புதுமை இல்லை. எல்லிஸ் 1921இல் எழுதியதன் இரண்டாம் பாதி. முதல் பாதி தீவைப் பிடிப்பது, இரண்டாம் பாதி பிடித்த தீவிலிருந்து கடற்படைக்கு உதவுவது. எழுபது டன் டாங்கி எந்த மரக்காலிலும் அடங்காது.

#26 குறுக்குசால்

கப்பல் இருந்தால்தானே மரக்கால்? 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தில் கரையிறக்கக் கப்பல்கள் 31க்குக் குறையக்கூடாது என்று எழுதினார்கள். எண்ணிக்கை இருக்கிறது, ஆனால் பல கப்பல்கள் பழுதுபார்ப்பில் கிடக்கின்றன. நீந்தும் கவச வண்டியின் கதையும் தெரியும். 2020 ஜூலையில் கலிபோர்னியாவுக்கு அப்பால் ஒன்று மூழ்கி ஒன்பது பேர் இறந்தார்கள், எட்டு மரைன்களும் ஒரு கடற்படை ஆளும். அந்தப் பழைய வண்டிகளை 2021 இறுதியில் தண்ணீரில் இறக்குவதையே நிறுத்திவிட்டார்கள். கரையேறவே பிறந்த படையிடம் கரையேற வண்டி தகராறு.

#27 ஓய்வுபெற்ற_ஹவில்தார்

அந்த ஒன்பதில் ஒருவன் கடற்படை ஆள் என்றீர்களே, அவன் கோர்மன். தம்பியின் நூலில் வரும் "டாக்" மாதிரி ஒரு பையன்.

#28 குறுக்குசால்

தெரியாது ஐயா. தகராறு என்று விளையாட்டாக எழுதியிருக்கக் கூடாது.

#29 கலங்கரை

குறுக்குசால் சொன்னதில் விஷயம் இருக்கிறது. புதிய எட்டுச்சக்கர வண்டி வந்திருக்கிறது, ஆனால் கடலும் கவச வண்டியும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. 1943 நவம்பரில் பசிபிக்கின் தராவா தீவில் என்ன ஆயிற்று? அலை எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. நாலடி ஆழம் கேட்கும் படகுகள் பவளப்பாறைத் திட்டில் தட்டி நின்றுவிட்டன. சங்கிலிச் சக்கர நீர்வண்டிகள் மட்டும் பாறைமேல் ஏறிப் போயின, அவை போதவில்லை. மற்றவர்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு நீரில் நூற்றுக்கணக்கான கெஜம் நடந்தார்கள். மூன்றே நாள் சண்டை, ஏறத்தாழ ஆயிரம் மரைன்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அடுத்த தீவுகளுக்கு முன் கடலடியைப் பார்க்க முக்குளிப்பு வீரர்கள் போனார்கள், நீர்வண்டிகள் பெருகின. சுரைக்காய், உங்கள் ஆள் பெலிலியூவில் ஏறிப் போனதும் அந்த வகை வண்டியாகத்தான் இருக்கும். பாருங்கள்.

#30 ஏட்டுச்சுரைக்காய்

பார்த்தேன். இருக்கிறது. அதை நான் "டிராக்டர்" என்று எழுதியிருக்கிறேன். பெலிலியூ கடற்கரையை நூற்றுக்கணக்கான டிராக்டர்கள் நோக்கிச் சென்றன என்று.

#31 கலங்கரை

அதில் தவறு பெரிதாக இல்லை. மரைன்களே அதை "ஆம்டிராக்" என்பார்கள், நீரிலும் நிலத்திலும் ஓடும் டிராக்டர் என்று பொருள். "நீர்நில டிராக்டர்" என்று ஒருமுறை விளக்கிவிட்டுப் பிறகு ஆம்டிராக் என்றே போங்கள்.

#32 ஏட்டுச்சுரைக்காய்

இரண்டு நாளாக உட்கார்ந்து திருத்தினேன். முடிவுகள்: மரைன், மரைன்தான். சிப்பாய் எங்கும் இல்லை. பதவிகள் முழுப்பெயரில். கன்னி போய்க் கன்னரி சார்ஜென்ட் வந்தாயிற்று. "டாக்" அப்படியே, முதல் தடவை மட்டும் அடிக்குறிப்பு. 1/5 என்பதை "5ஆவது ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன்" என்று விரித்துவிட்டேன்.

தொல்லை தந்த அந்தப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது, சரியா பாருங்கள்:

"விடிவதற்குள் எங்களை மேல்தளத்துக்கு வரச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் கேப்டன் எங்களுக்கு வாழ்த்துச் சொன்னார். கன்னரி சார்ஜென்ட் ஒவ்வொருவரின் தோட்டாப் பையையும் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு கேப்டன் வலைக்கயிற்றில் முதல் ஆளாக இறங்கினார்."

#33 ஓய்வுபெற்ற_ஹவில்தார்

நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஒன்றே ஒன்று. ஒலிபெருக்கியில் பேசிய கேப்டன் எது, கயிற்றில் இறங்கிய கேப்டன் எது?

#34 ஏட்டுச்சுரைக்காய்

கடவுளே.